கொன்றை நலம்

கோன் கேன் பள்ளியின் பெட்டியை
சிட்னி விமான நிலையத்திலேயே பிரித்துவிட்டார்கள்.
நாற்பது கொன்றை விதை,
'நட்பு மரம்' என்று பிள்ளைகள் நீல மையில் எழுதிய தாள்.
விதி எரிக்கச் சொல்லிற்று. எரித்தார்கள்.
தாளும் ஒரு ரசீதும் கான்பராவுக்கு, என் மேசைக்கு வந்தன.

அப்போது நான் பண்பாட்டு உறவுப் பிரிவில்
கடைசி நாற்காலி.
'விதைகள் வந்து சேர்ந்தன, நட்டுவிட்டோம்' என்று எழுதினேன்.
வந்து சேர்ந்தது வரை மெய்.

பிறகு முப்பது வருடம்.
தலைகீழாய்த் தொங்கிய கொடி ஒன்று,
துபாயில் மாட்டிக்கொண்ட பாடகர் குழு,
அறுபத்தொரு புரிந்துணர்வு ஒப்பந்தம்
(ஒன்றில் மட்டும் இருதரப்பும் சிரித்தார்கள்,
மொழிபெயர்ப்பில் நான் செய்த பிழைக்கு).
ஜூன் தோறும் ஒரே கடிதம்:
மரம் எப்படி இருக்கிறது?

முழங்கால் உயரம்.
ஜன்னலைத் தொட்டுவிட்டது.
இந்த வருடம் முதல் பூ.
இந்த ஊர் உறைபனியில் கொன்றை பிழைக்காதென்று
யாரும் திருப்பி எழுதவில்லை.
ஏரிக்கரையில் வாட்டில் பூக்கும்போது
எட்ட நின்று, கொஞ்சம் மங்கலாகப் படமெடுத்து அனுப்பினேன்.
இரண்டாயிரத்து மூன்றில் நகரின் மேற்கு விளிம்பு எரிந்தது.
தப்பிவிட்டது என்று அவர்கள் கேட்குமுன்பே எழுதினேன்.
அன்றிரவு
இல்லாத மரத்தை நினைத்து
எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிம்சனோக் வந்தது அதற்கும் எட்டு வருடம் கழித்து,
என் கையெழுத்திட்ட உதவித்தொகையில்.
விதை பொறுக்கிய பிள்ளைகளில் ஒருத்தி.
படிக்க வந்தது, என் நேரம், வனவியல்.
மரத்தைப் பார்க்கலாமா என்றாள்.

ஆகஸ்ட் காலை. புல்லெல்லாம் வெள்ளை.
கையுறையைக் கழற்றி
ஒரு இலையை விரலிடையே உருட்டினாள்.
சரமாய்த் தொங்காத பூவை,
பஞ்சு உருண்டையாய்க் கிளையோடு ஒட்டிய பூவை
முகர்ந்தாள்.
என்னைப் பார்த்தாள், நீண்ட நேரம்.
காரில் ஹீட்டரை அணைக்காமல் வந்தது ஞாபகம் வந்தது எனக்கு.

"தெற்குப் பக்கம் கிளை கழிக்கணும் சார்,
அடர்ந்துபோச்சு."

அந்த வாரமே பள்ளிக்கு அவள் கைப்பட எழுதினாள்.
தபால்தலை நான் ஒட்டினேன்.

இன்று சாவியை ஒப்படைக்கிறேன்.
ஃபியோனா, அலமாரியில் கோப்பெல்லாம் வரிசையாய் இருக்கிறது,
நிலுவை எதுவும் இல்லை.
ஜூனில் மட்டும் ஒரு கடிதம் வரும்.
இந்த முறை கொஞ்சம் பூச்சி அரித்ததாக எழுது.
வருடா வருடம் நலம் என்றால்
நம்ப மாட்டார்கள்.