கீழே நிற்பவர்களுக்கு

செவ்வாயும் வெள்ளியும்
முன்பு உனக்கு அம்மன் கிழமைகள்.
இப்போது மெஷின் கிழமைகள்.
நாலு மணி நேரம் உன் ரத்தம்
வெளியே போய்ச் சுற்றிவிட்டு வருகிறது.
அந்த நாலு மணி நேரமும்
என் போன் அடிக்கிறது.

முதலில் உன் அக்கா.
திருவொற்றியூரிலிருந்து, குக்கர் விசிலுக்கு நடுவே:
"இன்னா சொன்னாரு டாக்டரு?"
டாக்டர் தாளைப் பார்த்தார், வல்லி.
தாளைத் திருப்பினார்.
"பாக்கலாம்" என்றார்.
அக்காவுக்கு அதை
"பாத்துக்கலாம்" என்று சொன்னேன்.
நடுவில் உள்ள இரண்டெழுத்து
நான் போட்டது.

இந்துமதி ஓசூரில் ஷிப்டு முடிந்து
பத்து மணிக்குத்தான் லாக்கரிலிருந்து போனை எடுப்பாள்.
அதற்குள் ஒரு நல்ல வரி தயாராக இருக்க வேண்டும்.
"அம்மா இட்லி சாப்ட்டா."
இரண்டு நீல டிக்.
"எத்தனை?"
அரை என்று அடித்தேன். அழித்தேன்.
ரெண்டு என்று அனுப்பினேன்.
கணக்கு இடிக்கக் கூடாதே என்று
மீதி ஒன்றரையை நானே தின்றேன்.

கேட்காத ஒரே ஆள் பீவிஜான் அக்கா.
தண்ணி லாரி வந்தால்
அவள் குடத்தோடு நம் குடத்தையும் வரிசையில் வைப்பாள்,
மூன்று மாடி தூக்கி வந்து கதவோரம் விடுவாள்,
மேல்மூச்சு வாங்கிக்கொண்டே இறங்கிப் போவாள்.
அவளிடம்தான் ஒருநாள்
படிக்கட்டில் வைத்துச் சொல்லிவிட்டேன்:
"யூரியா ஏறினே கீதுக்கா."
அவள் குடத்தைக் கீழே வைத்தாள்.
பிறகு எடுத்துக்கொண்டாள்.

போன வெள்ளி உன்னை வீட்டுக்கு விடவில்லை.
நெஞ்சில் தண்ணீர் கோத்துக்கொண்டது என்று
ஸ்டான்லியில் மேல்மாடி வார்டில் போட்டார்கள்.
ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ்.
உன் தம்பி தயாளன் கீழே,
ஆம்புலன்ஸ்களுக்கு நடுவில்.
என் போனும் அந்நேரம் பார்த்துச் செத்துவிட்டது.

ஜன்னலுக்கு வந்தேன்.
அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.
உள்ளங்கையை மலர்த்தினான்: என்ன?

துறைமுகத்தில் இருபத்தாறு வருடம்
கிரேனுக்குக் கை காட்டியவன் நான்.
தயாளனும் அதே பெர்த்தில் லாஷிங் போட்டவன்.
விரல் மேலே பார்த்துச் சுழன்றால், தூக்கு.
கீழே பார்த்துச் சுழன்றால், இறக்கு.
கூண்டில் இருக்கும் ஆபரேட்டருக்கு
என் முகம் தெரியாது, கை மட்டும்தான்.
கை ஒருமுறை பொய் சொன்னால்
கீழே நிற்பவன் வீடு திரும்ப மாட்டான்.
அதனால் என் வாய்க்கு வந்தது
என் கைக்கு வரவே இல்லை.

தூக்கு என்று காட்டப் பார்த்தேன்.
விரல் எழவில்லை.
கடைசியில் இரண்டு கையையும்
வயிற்றுக்கு முன்னால் கோத்துப் பிடித்தேன்.
எல்லாத்தையும் அப்படியே நிறுத்து.
லோடு அந்தரத்தில் இருக்கிறது.
ஏறவில்லை, இறங்கவில்லை,
கம்பி அறவுமில்லை.

பார்த்தவர்கள்
யாரோ கும்பிடுகிறான் என்று நினைத்திருப்பார்கள்.
தயாளன் தன் கைகளையும் அப்படியே கோத்தான்.
புரிந்தது என்று அர்த்தம்.
பிறகு வண்டியின் மேல் உட்கார்ந்து
ஒரு பன்னைப் பிரித்தான்.

"யாருக்குக் கை காட்டினுகீற?"
நீ விழித்திருந்தாய்.
"தயாளனுக்கு."
"இன்னான்னு?"
காட்டினேன்.
வெகு நேரம் என் கைகளையே பார்த்தாய்.
வெடித்த உதட்டோடு சிரித்தாய்.
"அவனுக்கு நெஜம்.
எம் பொண்ணுக்கு மட்டும் ரெண்டு இட்லியா?"

நர்ஸ் மேசைப் பக்கத்து பிளக்கில்
போனுக்கு உயிர் வந்ததும் கேட்டு வாங்கினாய்.
ஊசி குத்தாத கையால்
எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தாய்:
"அரை இட்லி. மீதி உங்கப்பன் துன்னுட்டான்.
மூச்சு வாங்குது. பயமா கீது."

பத்து மணிக்கு இரண்டு நீல டிக்.
பதில் இல்லை.
நீ தூங்கிவிட்டாய். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பத்து நாற்பதுக்கு ஒரு படம் வந்தது.
ஆடிப்போன படம்.
ஒரு பஸ்ஸின் முன்கண்ணாடி,
அதில் பாதி மட்டும் தெரியும் பெயர்ப்பலகை:
சென்