ஏழாவது எழுத்து

ஏழுக்கு ஓர் எழுத்தாகப் பொறுக்கினால்
நாடகம் வேறொன்று பேசுமாம்.
மருத்துவர் தெர்ஹார் பதினோரு வருஷம் பொறுக்கினார்.
கிடைத்தது இவ்வளவுதான்:
வற்றும்போது வா. மூன்றாவது கம்பத்தின் கீழ். இரும்பு.

அதனால்தான் நாங்கள் நால்வர்
ஸ்கெல்ட் நதி கடலாகும் இந்தச் சேற்றில்
விடியுமுன் இறங்கினோம்,
தலைக்கு ஒன்றரை கில்டர்.

பெட்டிக்குள் மூலப்படிகள் இருக்கின்றன என்றார்,
முப்பத்தோரு நாடகமும் ஒரு பிரபுவின் கையெழுத்தில்.
யோஸ் ஃபெர்ஹாகன் எழுதவில்லை,
எழுதியிருக்கவே முடியாது.
விலாங்கு பிடிப்பவன் மகன்.
நான்கு பத்திரத்தில் தன் பெயரை
நான்கு விதமாய்த் தப்பாக எழுதியவன்.
உயிலில் மருந்துக்கும் ஒரு புத்தகம் இல்லை:
இரண்டு மீன்கூடு, ஓட்டைப் படகு,
தம்பியோடு பங்கில் பாதிப் பசு.

"பாதிப் பசுவின் சொந்தக்காரனுக்கு
ஒரு ராணியின் தூக்கமின்மை எப்படித் தெரியும்?"

லூனிஸ் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தான்.
"எந்தப் பாதி என்பதைப் பொறுத்தது, ஐயா."
மருத்துவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

திங்களன்று களிமண் புகைக்குழாய் ஒன்பது,
ஒரு குழந்தையின் வலது செருப்பு,
பிறகு கணீரென்று ஓர் ஓசை.
கோட்டோடு மண்டியிட்டார், கையாலேயே தோண்டினார்.
நங்கூரத்தின் உடைந்த கொக்கி.
அதையும் துணியில் சுற்றி வைத்துக்கொண்டார்.

செவ்வாய் முழுக்க மழை.

புதனன்று ஓதம் இறங்கக் காத்திருக்கையில்
கொட்டகையில் எங்களுக்குப் படித்துக் காட்டினார்.
ரொட்டியை மெல்லாமல் கேட்டோம்.
நாடிழந்த ராணி சொல்கிறாள்:

'ஒரு காலை இழுக்க இழுக்க
மறுகால் இறங்குகிறது, தளபதி.
இழுக்காதே. குதிகாலைத் திருகு.
வெட்கம் பாராமல் மல்லாந்து படு.'

கண்ணை மூடிக்கொண்டார் மருத்துவர்.
"அரியணை நழுவியவனுக்கே தெரிந்த வலி இது.
பிரபு இங்கே தன்னைத்தான் எழுதுகிறார்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.
பார்த்திருந்தால் சிரித்திருப்போம்.
இந்தச் சேற்றில் சிக்குகிற எவனைப் பார்த்தும்
கரையிலிருந்து கத்துவது அது,
சொல் பிசகாமல்.
வெட்கம் என்கிற இடத்தில் மட்டும்
நாங்கள் வேறு சொல் வைத்திருக்கிறோம்.

சொல்லியிருக்கலாம்.
க்ரைன் வாயைத் திறந்தான், நான் அவன் காலை மிதித்தேன்.
வியாழன் கூலி இருந்தது, வெள்ளியும் இருந்தது.
கூலிக்கு மாரடிப்பவன்
பிணம் யாருடையது என்று கேட்பதில்லை.

வியாழனன்று அவரே குழிக்குள் குதித்தார்.
எதையோ கண்டாராம்.
சேறு முழங்காலைப் பிடித்தது,
ஓதம் ஏறத் தொடங்கியிருந்தது.
முப்பத்தொன்றும் மனப்பாடமான மனிதர்
ஒரு காலை இழுத்தார்,
மறுகால் இறங்கியது.
இன்னும் பலமாக இழுத்தார்.

"இழுக்காதே! குதிகாலைத் திருகு! மல்லாந்து படு!"
க்ரைன்தான் கத்தினான்.

அந்த நிலையிலும் திரும்பிப் பார்த்துத் திருத்தினார்:
"தளபதி என்பதை விட்டுவிட்டாய்."
பிறகு வாய் மூடியது.
தண்ணீர் இடுப்பைத் தொட்டது.
குதிகாலைத் திருகினார். படுத்தார்.

பலகையில் இழுத்துக் கரை சேர்த்தோம்.
தொப்பி போய்விட்டது.
மல்லாந்தபடியே வெகுநேரம் கிடந்துவிட்டு
க்ரைனிடம் கேட்டார்,
"நீ படித்திருக்கிறாயா அதை?"

"எனக்குப் படிக்கத் தெரியாது, ஐயா."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை.
ஈர நோட்டுகளை ஒவ்வொன்றாய்ப் பிரித்துக் கொடுத்தார்.

மறுநாள் வரமாட்டார் என்று பந்தயம் கட்டி
லூனிஸ் அரை கில்டர் தோற்றான்.
ஐந்தாவது கம்பத்தருகே கயிறு கட்டி வைத்திருந்தார்,
எண்ணிக்கையில் சிறு பிழையாம்.
தோண்டினோம்.
ஆழமாகத் தோண்டவில்லை,
அவரும் ஆழம் கேட்கவில்லை.
புத்தகத்தைத் திறக்காமல் கக்கத்தில் இடுக்கி
நீரைப் பார்த்து நின்றார்.
நின்ற இடத்தில் அவர் குதிகால் மட்டும்
திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தது.