ஐந்து கிலோ

நெற்குப்பையில் தெருவிளக்குகள் அணைவதற்கு முன்பே
பையைத் தூக்கி என் தோளில் மாட்டிவிட்டான் வயிரவன்.
பதினொரு கிலோ எழுநூற்று நாற்பது கிராம்.
தம்பிக்கு அடகுக் கடை. நகை நிறுக்கும் தராசில்
என் சீப்பு, சோப்பு, மாற்றுத் துணி எல்லாவற்றையும்
தனித்தனியாக வைத்து எடுத்து நோட்டில் எழுதியிருக்கிறான்.
பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியில் அறுத்ததில்
ஆறு கிராம் லாபம்.
இப்படியெல்லாம் மிச்சம் பிடித்த பிறகு
"பழகுறதுக்கு இந்தக் கனம் பத்தாது" என்று
ஐந்து கிலோ ரேஷன் அரிசியைக் கட்டி
அடியில் வைத்துவிட்டான்.

வைகாசியில் இமயத்தில் பன்னிரண்டு நாள் நடக்கப்போகிறோம்.
ஒத்திகை பார்க்க மலைக்கு எங்கே போவது?
எங்கள் பக்கம் தரை தோசைக்கல்.
மொட்டை மாடிப் படியில் பையோடு ஏறி இறங்கியதை
எதிர்வீட்டில் இருந்து யாரோ பார்த்து
"உமையாளுக்கு என்ன வேண்டுதல்?" என்று கேட்டுவிட்டார்கள்.
மேற்கே பிரான்மலை ஒன்றுதான் கதி.

கண்மாய்க் கரை, கருவேல முள், மறுபடி கண்மாய்.
மலை இடப்பக்கம் நின்றது. வளைவு திரும்பினால் வலப்பக்கம்.
கடன் வாங்கியவனைப் போல
தூரத்தில் முகம் காட்டிவிட்டு
கிட்டப் போகப் போக நகர்ந்துகொண்டது.

அடிவாரத்தில் ஆளுக்கு இரண்டு மாவுருண்டை.
"தண்ணியக் குடிச்சுரு. பை எடை கொறையும்."
குடித்ததையும் நான்தானேடா தூக்குகிறேன் என்றேன்.
அதற்கு அவனுடைய நோட்டில் கட்டம் இல்லை.

பாறை. வேர். பாறை.
பாதி வரைக்கும் பேசிக்கொண்டு வந்தான்.
அதற்கு மேல் இருவரும் மூச்சை மட்டும் செலவழித்தோம்.
தோள்பட்டை இரண்டும் அறுந்து விழுந்துவிடும் என்று
நான் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன்,
விழுந்தால் ஒரு மூன்று கிலோ தேறும் என்று.

உச்சியில் காற்று வியர்வையோடு வந்து ஒட்டியது.
தர்காவுக்குப் பின்னால் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.
அகப்பையோடு நின்ற சுலைகா அக்கா
என் பையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.
"உள்ள என்னம்மா, கல்லு மாதிரி?"
அரிசி.
"நேத்திக்கடனா?"
இல்லைக்கா. சும்மா. தூக்கிப் பழக.
"திரும்பக் கீழ கொண்டு போவியா?"
ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை.
எனக்கே அப்போதுதான் காதில் விழுந்தது.
"சும்மாவா!" என்று அவர் சிரித்த சிரிப்பில்
மேலே இருந்த காக்கை எழும்பிப் போனது.
"எங்களுக்கு இங்க ஒரு மணிகூட சும்மா ஏறுனதில்ல தாயி."

கட்டை அவிழ்த்துக் கொட்டினேன்.
வயிரவன் வாயைத் திறந்து மூடிக்கொண்டான்.
கஞ்சியில் உப்பு தூக்கல். இரண்டு கிண்ணம் குடித்தேன்.

இறங்கும்போது விழுந்தேன்.
ஏறும்போது ஒரு இடத்திலும் தடுமாறாத கால்
ஒன்றுமே இல்லாத சின்ன இறக்கத்தில் வழுக்கியது.
முதுகு அந்த ஐந்து கிலோவை நம்பி நின்றிருக்கிறது,
யாரும் அதனிடம் சொல்லவில்லை.
முழங்கையில் காலணா அளவுக்குத் தோல் போயிற்று.
வயிரவன் ஓடி வந்து பார்த்துவிட்டு
"ரெண்டு கிராம் இருக்கும்" என்றான்.
அடிக்கக் கையை ஓங்கினேன். கை வரவில்லை.

திரும்பி நடக்கத் தெம்பில்லை. பஸ்.
பெரிய பைக்கு லக்கேஜ் போடுவார்கள் என்று
சில்லறையை எண்ணி வைத்திருந்தேன்.
கண்டக்டர் என் பையைப் பார்த்தார்,
ஒரு கையால் எடுத்து, குடையை வீசுவது போல
மேல்கம்பியில் வீசினார்.
"காலிப் பைதானே, விடுங்க."

மூன்று நிறுத்தம் வரைக்கும்
அவரோடு நான் பேசவில்லை.