மூன்று நூல்

பிணைச்சல்தான் முதலில் போனது.
உவர்மலையில் இரும்பு வாங்கிப் பூட்டினால்
உப்புக் காற்று அதை வட்டியோடு தின்னும்.
போன கச்சானில் படுக்கையறை யன்னல்
ஒரு பக்கம் கழன்று தொங்கி
விடியும்வரை சுவரை அறைந்தது.
"நாளைக்குப் பார்ப்பம்" என்ற தவேந்திரன்
தலையணையைக் காதுக்கு மேல் வைத்துப் படுத்தார்.
அந்த நாளை எட்டு மாதம் நீண்டது.

சீட்டு விழுந்த கிழமை
அனுராதபுரச் சந்திக்கு அப்பால் றிஸ்மியின் கடை.
சுவரே இல்லாத இடத்தில்
யன்னல்கள் வரிசையாய் நின்றன,
எதையும் அடைக்காமல், எதையும் காட்டாமல்.
ஒன்றைத் திறந்து பார்த்தேன்.
அந்தப் பக்கமும் றிஸ்மிதான் நின்றார்,
தேத்தண்ணிக் கோப்பையோடு.

"தள்ளுற யன்னல் எடுங்க மிஸ்.
காத்துக்கு அடிபடாது, திரைச்சீலை சிக்காது."
ஒற்றை விரலால் தள்ளிக் காட்டினார்.
சத்தமே இல்லாமல் போனது,
போய் மற்றக் கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்தது.
"பாதிதானே திறக்குது?"
"எல்லாருக்கும் பாதிதான் மிஸ்."
தவேந்திரனுக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது.
மா ஆலையில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர்;
சத்தமில்லாமல் நகரும் எதையும் நம்புவார்.

பாதிக் காற்றுக்கு முழுக் காசா என்று
நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன்.
சதுர அடி இரண்டாயிரத்து நானூறு.
மரம் போலத் தெரிய வேண்டுமென்றால் இன்னும் கூட.
அலுமினியம் மரமாக நடிப்பதற்கு
அடிக்கு முந்நூறு ரூபா கூலி.
வெள்ளையே போதும் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அளக்க வந்தான் அஸ்ஹான்,
கிண்ணியாப் பெடியன், பத்தொன்பது வயது.
இடது பக்கம் நாலு அடி.
வலது பக்கம் நாலு அடிக்கு மூன்று நூல் குறைவு.
நாடாவை உதறிவிட்டுத் திரும்ப அளந்தான்.
வீடு விட்டுக்கொடுக்கவில்லை.
குசினியும் அப்படியே. சாமியறையும் அப்படியே.
"வீடு கொஞ்சம் சரிவு, அன்ரி."

காணிப் பதிவகத்தில் இருபத்தாறு வருடம்
ஊராரின் எல்லைகளைச் சரிபார்க்கிறவள் நான்.
வடக்கே தென்னை, கிழக்கே ஒழுங்கை என்று வாசித்து
முத்திரை குத்துகிறவள்.
என் கூரைக்குக் கீழே எதுவும் நேரில்லை என்பதை
ஒரு பெடியன் காதில் பென்சிலோடு வந்து சொல்கிறான்.

மண்டபக் கண்ணாடியில் அவன் விரல் நின்றது.
பெருக்கல் குறி போல ஒரு பசைத் தடம்.
"இது என்ன, டிசைனா?"
மூதூர்ப் பக்கம் வானம் இடித்த வருடம்
ஒட்டிய நாடா. உரித்தும் போகவில்லை.
அவன் பிறந்த வருடமாகத்தான் இருக்க வேண்டும்.
"கறை" என்றேன்.
கொப்பியில் எழுதினான்: கறை. மாற்றவும்.

ஏழு யன்னலுக்கு விலைத்துண்டு வந்தது.
சீட்டுக் காசு ஆறோடு முடிந்தது.
எதை விடுவதென்று மூன்று நாள் பேசினோம்,
பேசினோம் என்றால் சண்டை.
குசினியை விடு, ஆர் பாக்கப் போகினம், என்றார்.
குசினியில நிக்கிறவள் பாப்பாள், என்றேன்.
மட்டக்களப்பிலிருந்து மகள் தொலைபேசியில்:
"என்ர அறையை விடுங்கோ,
நான் இனி எங்க வரப்போறன்."
அதற்குப் பிறகு அந்த அறையின் பேச்சை
இரண்டு பேரும் எடுக்கவில்லை.
அதற்குத்தான் முதலில் முற்பணம் கட்டினோம்.

மிஞ்சியது குளியலறைக்குப் போகும் வழியில் இருக்கும் சின்னது.
ஒழுங்கையால் வரும் மான்கள்
வாழைத் தோலுக்குக் கழுத்தை நீட்டுவது அதற்குள்தான்.
அதுகளுக்குப் பாதி திறந்தால் கொம்பு இடிக்கும்
என்று ஒரு நியாயம் சொல்லிக்கொண்டோம்.

ஆறும் வந்தன, சொன்ன தேதிக்கு மூன்று கிழமை பிந்தி.
அந்த மூன்று நூலை வெள்ளைப் பசையால் நிரப்பி
விரலால் இழுத்துவிட்டான் அஸ்ஹான்.
பார்வைக்கு வீடு நேர்.

அன்றிரவு கடல் கேட்கவில்லை.
ஒழுங்கை நாயும் கேட்கவில்லை.
மின்விசிறி மட்டும் தன் பாட்டில் எதையோ எண்ணியது.
இரண்டு மணிக்குத் தவேந்திரன் எழுந்து போய்
பழைய யன்னலின் கொளுக்கியைக் கழற்றிவிட்டு
வந்து படுத்தார்.
அது சுவரை ஒருமுறை அறைந்தது.
கொஞ்சம் பொறுத்து, இன்னொரு முறை.

"நாளைக்குப் பார்ப்பம்" என்றேன் நான்.