எறியாத கல்

அறுபதாவது மீட்டரில்
யாரோ கல்லெறிந்தார்கள்,
பின்னாலிருந்து, சரியாகக் கெண்டைக்காலில்.

ஆசிரியைகளுக்கான நூறு மீட்டர்.
சேலையைத் தூக்கிச் செருகி, செருப்பைக் கழற்றிவிட்டு
ஓடியவள்
விழாமல் நின்று திரும்பிப் பார்த்தேன்.
கயிற்றுக்கு அந்தப் பக்கம்
ஐஸ்பழம் சப்பிக்கொண்டு ரிஷாந்தன், ஆறாம் ஆண்டு.
வேறு யாரும் இல்லை.
'நீதானே?' என்றேன்,
மைதானம் முழுக்கக் கேட்கும்படி.

டிக்கோயா ஆஸ்பத்திரியில்
நிலுஷிகா மிஸ் இரண்டு விரலால் அழுத்தி
தசையில் ஒரு பள்ளத்தைக் கண்டுபிடித்தார்.
கல் இல்லை. கிழிசல்.
ஓடும்போது கிழிந்தால் அப்படித்தான் தோன்றுமாம்.
எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களாம்.

'இப்ப இழுக்க வேணாம்' என்றார்.
'ஐஸ் வைங்க, கால ஒசத்தி வைங்க.
பொறகு ஹெமின் ஹெமின்.'

மூன்றாம் வாரம் சமதரையில் நடக்கச் சொன்னார்.
சமதரை!
வீட்டிலிருந்து றோட்டுக்கு எண்பத்தேழு படி.
றோட்டிலிருந்து கடைக்கு இறக்கம்,
கடையிலிருந்து கோயிலுக்கு ஏற்றம்.
கொட்டகலையில் தட்டையாக இருப்பது
வாசிகசாலை கெரம் போர்டும்
ரயில்வே பிளாட்பாரமும்தான்.

பள்ளிக்கூடம் விட்டு நேரே வருகிறேன்.
டிக்கட் கவுன்டர் சுவரில் இரு கை ஊன்றி
இடது காலைப் பின்னே நீட்டி
குதிகால் தரையை விடாமல்
முப்பது எண்ண வேண்டும்.
பத்து வரை ஒன்றுமில்லை.
பன்னிரண்டில் உள்ளே ஏதோ
ஈரப் போர்வையைப் பிழிவதுபோல் முறுகும்.
இருபதில், தானாகவே, கொஞ்சம் இடம் விடும்.
அந்தக் கொஞ்சத்துக்காக நேற்றும் வந்தேன்.

நேற்று அவனும் நின்றான்,
கொழும்பிலிருந்து லீவில் வரும் அம்மாவுக்காக.
ரயில் பிந்தியிருந்தது.
'மிஸ், சுவரத் தள்ளுறீங்களா?'
'பதினாலு' என்றேன். 'பதினஞ்சு.'
பையை இறக்கிவைத்து
பக்கத்தில் அவனும் சுவரைப் பிடித்தான்,
குதிகால் தூக்கியபடி, தப்பாக.
'குதிகால கீழ வை.'
வைத்தான்.
எண்ணிக்கை எங்கோ தவறிவிட்டது.

'கல்லு யாரும் எறியலடா'
என்றேன், சுவரிடம்.
'தெரியும் மிஸ்.
நாந்தானே எறியல.'

கைகாட்டி விழுந்தது. அவன் ஓடினான்,
ரயில் நிற்கும் முன்பே
பிளாட்பாரத்தின் அந்தத் தலைவரை, பையை மறந்துவிட்டு.
என் கால் ஓர் அடி கூடவே போய்
நின்றுகொண்டது.

பையைச் சுவரோரம் நகர்த்தி வைத்தேன்.
மறுபடி இடது கால்.
ஒன்று.