ஏழாவது வரைவு

தகர டப்பாவில் ஒருவன் சிரிக்கிறான்.
கரிக்கட்டை முகம், தேங்காய்ச் சில்லுப் பற்கள்,
காதுவரை சிவப்பு உதடு,
தலையில் பிரம்புத் தட்டு, இடுப்பில் வேட்டி.
கீழே சீனத்திலும் மலாயிலும்: கச்சாங் ஆள் மார்க்.
நாற்பத்தெட்டு வருஷமாகப் பினாங்கில்
எந்த மளிகைக் கடைக்குப் போனாலும்
அதே சிரிப்பு.

'மெல்பர்னில் வேண்டாமென்று திருப்பிவிட்டார்கள்'
என்றார் தௌகே ஊய் கா செங்.
'முகத்தைக் கொஞ்சம் திருத்து.
ஆனால் திருத்தியது தெரியக் கூடாது.'
பிறகு என் முகத்தைப் பார்த்து அவசரமாக:
'மரியாதைக்கு வைத்த படம், மிஸ்.
அப்பாவுக்குக் கடலை வறுக்கக் காட்டிக்கொடுத்ததே அந்த ஆள்தான்.'
பெயர் கேட்டேன்.
மின்விசிறியைப் பார்த்தார்.
'கச்சாங் ஆள்' என்றார்.

முதல் வரைவில் உதட்டைக் குறைத்தேன்.
இரண்டாவதில் வேட்டிக்குப் பதில் கால்சட்டை;
வெயிட்டர் மாதிரி நின்றான்.
மூன்றாவதில் நிறம்.
மவுஸை இழுக்க இழுக்க
கரி, கொப்பி, தேத்தண்ணீர்...
அண்ணனுக்குப் பெண் தேடி
அத்தை கொடுத்த விளம்பரத்தில் கேட்டிருந்த நிறத்துக்கு
வந்து சேர்ந்தான்.
கையை எடுத்துவிட்டேன்.

கிம்பர்லி தெரு கொப்பிக் கடையில்
மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தபோது
பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான் எமேக்கா.
என் மேல்மாடிக்காரன், லாகோஸ் ஊர்,
பொறியியல் மூன்றாம் ஆண்டு.
'இது நானா?'
'இல்லை, நான்.'
இரண்டு பேரும் சிரித்தோம்.
அவன் முதலில் நிறுத்தினான்.

அலுவலகத்தில் ஃபரீஹாவுக்கு வருத்தம்.
ஹரி ராயா என்றாலே அவளுக்கு இந்த டப்பாதானாம்.
காலியானதும் அம்மா ஊசி நூல் போட்டு வைப்பாராம்,
ஊசி எடுக்கும்போதெல்லாம் இவள்
'ஹாய் பக்சிக்' என்பாளாம்.
'கிண்டல் என்று தோன்றவே இல்லையே' என்றாள்.
பொய்யில்லை அது.

புக்கிட் மெர்தாஜாம் ஆலையில்
மூடி போடும் ரெங்கம்மாவிடம் காட்டினேன்.
'அசிங்கமாத்தான் இருக்கான்.
ஆனா இவனையும் எடுத்துட்டா
அந்த சூப்பர்மார்க்கெட்டு பூரா
நம்ம மூஞ்சி ஒண்ணு காட்டு பாப்போம்.'
பெல்ட் நகர்ந்தது.
முப்பது நாற்பது சிரிப்புகள்
எங்களுக்கு நடுவே போயின.
என்னிடம் பதில் இருந்தது, படித்த பதில்.
அந்த இரைச்சலில் அதைக் கத்திச் சொல்ல வேண்டியிருக்கும்.

கோபமாகத்தான் இருந்தேன்,
தௌகே என் பழைய வேலைகளின் கோப்பைப் புரட்டி
ஒரு பக்கத்தில் விரல் வைக்கும்வரை.
பிறையில் ஒரு தமிழ் முதலாளிக்கு
நான் வரைந்த நூடுல்ஸ் பாக்கெட்:
கூம்புத் தொப்பி, எலிவால் சடை,
கண்ணுக்கு ஒரு கோடு.
அரை நிமிஷ வேலை.
'இந்தப் பையனைப் பார்த்துத்தான் உன்னைக் கூப்பிட்டேன்.
ரொம்ப அழகு.'
குத்தலா, பாராட்டா?
அந்த முகத்தில் எனக்குப் படிக்கத் தெரியவில்லை.
தெரிந்திருந்தால் அந்தக் கோடுகளைப் போட்டிருப்பேனா.

ஏழாவது வரைவில் ஆளே இல்லை.
பழைய செய்தித்தாளைச் சுருட்டிய கூம்பு,
உள்ளே கடலை.
'ஆள் எங்கே?'
'பெயர் கொண்டுவாருங்கள்.
முகத்துக்குப் பதில் அதைப் போடலாம்.'

ஞாயிறு இரவு அழைத்தார்.
அப்பாவின் கணக்கு நோட்டில் கிடைத்ததாம்,
பாதி கரையான் தின்ற பக்கம்:
கறுத்த ஆள், பாக்கி பன்னிரண்டு வெள்ளி.
'அவ்வளவுதானா?'
'சீனத்தில் அவ்வளவுதான்.'

கருப்பன் என்று அவர் பெயரைச் சொல்லி,
அப்படியென்றால் என்ன என்று யாரோ கேட்டு,
அர்த்தத்தை மட்டும் எழுதியிருக்கலாம்.
கேட்காமலே எழுதியுமிருக்கலாம்.
பாக்கி யார் யாருக்கு என்பதும் அதில் இல்லை.

கூம்புக்கு மேலே
காலியிடம் விட்டிருக்கிறேன்.
'க' வரை அடித்தாயிற்று.
காலை ஒன்பதுக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும்.