பயன்பாட்டுச் சான்றிதழ்

கணக்குப் பிரிவு மேடத்துக்கு,
மூன்றாமாண்டு சிவில், நாகவேணி எழுதுவது.
நீங்கள் கேட்ட ஐந்து கேள்விகளில்
நான்குக்குப் பதில் இருக்கிறது.

பேருந்துச் செலவில்
கோவர்த்தனனுக்கு ஆயிரத்து எட்டு,
எனக்குப் பூஜ்யம்.
சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறீர்கள்.
பென்னாகரம் டவுன் பஸ்ஸில் எங்களுக்குச் சீட்டு இலவசம்.
நீங்களும் அதில்தானே வருகிறீர்கள், மேடம்.

தலைக்கவசம் இரண்டு வாங்கினோம், ஒன்றுதான் திரும்பியது.
மற்றதை பம்பு அறையில்
ப்ளீச்சிங் பவுடர் அளக்க வைத்துக்கொண்டார்கள்.
சரியாக ஒரு கிலோ பிடிக்கிறது.

சோப்பு, ஆறு கட்டி. அது கிரீஸுக்கு.
நான்கு பருவம் குழாயைப் பலகையில்தான் பார்த்தோம்.
வால்வு எந்தப் பக்கம் திருகினால் மூடும் என்று
எந்த வினாத்தாளும் கேட்டதில்லை.
முதல் நாள் எண்ணிக்கொண்டே திருகினேன்,
இருபத்தேழு சுற்று.
இருபதாவதில் உள்ளங்கை தோல் உரிந்தது.
பேண்டேஜுக்கு ரசீது இணைத்திருக்கிறேன்.

நான்காவது கேள்வி: வாளி எதற்கு?
கசிவை அளக்க.
குழாய்ப் பாதையோடு நடந்தோம்,
பச்சையன் கொட்டாய் மேட்டில்
ஒரு காற்று வால்வு ஒழுகிக்கொண்டிருந்தது.
வாளியும் செல்போன் கடிகாரமுமாய்
மூன்று முறை பார்த்தோம்.
நிமிடத்துக்கு நான்கு லிட்டர்.
நாளைக்கு ஐயாயிரத்து எழுநூற்று அறுபது.
படிவத்தில் அதன் பெயர் வருவாயில்லா நீர்.
வால்வைச் சுற்றிப் பதினொரு குடம் நின்றதை எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

அந்த ஊர் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு
மூன்று புள்ளி இரண்டு.
ஒன்றரையைத் தாண்டக் கூடாது.
மீட்டரில்தான் கோளாறு என்று
கோவர்த்தனன் கழுவி மறுபடி வைத்தான்.
நான் நாக்கால் என் முன்பல்லைத் தொட்டுக்கொண்டேன்.
பள்ளிக்கூட போட்டோ எதிலும்
நான் வாய் திறந்து சிரித்ததில்லை.
வால்வில் ஒழுகியது காவிரி:
பூஜ்யம் புள்ளி நான்கு.

அடைப்பதுதானே பயிற்சி.
அடைத்தோம்.
ரப்பர் வளையம் ஒன்று, நாற்பது நிமிடம்.
முதன்முதலாக என் கையால் ஒரு தண்ணீர் நின்றது.
பெருமையாகத்தான் இருந்தது
மாதம்மாள் வரும்வரை.
அவர் திட்டவில்லை.
பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்து
அதன்மேல் உட்கார்ந்தார்.
‘வேல முடிஞ்சுதா?’ என்றார்.
நான் ஸ்பேனரைத் துடைத்தேன்.
துடைத்ததையே துடைத்தேன்.

இனி ஐந்தாவது.
உதவித்தொகையின் கடைசித் தவணையில்
மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு
எந்தத் தலைப்பில் செலவானது?
தெரியவில்லை, மேடம்.
ஊராட்சிக் குழாய் அந்த ஊருக்கு
நூற்றுப்பத்து மீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டது.
உதவிப் பொறியாளர் கையெழுத்துக்கு ஒன்பது நாள்.
கறுப்புக் குழாய்ச் சுருள்,
எல்போ மூன்று, அரை அங்குலக் குழாய்வாய் ஒன்று,
பள்ளம் தோண்ட ஊரே வந்தது, அதற்குக் கூலி இல்லை.
‘பயிற்சிப் பொருட்கள்’ என்று போட்டிருக்கிறேன்.
பொருந்தாவிட்டால் என் கணக்கில் பிடித்துக்கொள்ளுங்கள்,
கோவர்த்தனன் கணக்கில் வேண்டாம்,
அவன் வீட்டில் மாடு விற்றுத்தான் ஃபீஸ் கட்டினார்கள்.

இப்போது காலை ஆறரைக்குத் தண்ணீர் வருகிறது.
நாற்பது நிமிடம், முந்நூற்று அறுபது லிட்டர்.
ஒழுகலில் வந்ததை ஒப்பிட்டால்
பதினாறில் ஒரு பங்கு.
இதை மாதம்மாள் சொல்லவில்லை,
நான்தான் வகுத்துப் பார்த்தேன்.

‘அனுமதித்த நோக்கத்துக்கே
முழுமையாகப் பயன்படுத்தப்பட்டது’
என்ற வரிக்குக் கீழே கையெழுத்து கேட்கிறீர்கள்.
போட்டிருக்கிறேன்.
‘முழுமையாக’ என்பதை மட்டும் அடித்திருக்கிறேன்.

அடுத்த ஆண்டும் பணம் ஒதுக்குவீர்கள் என்றால்
ஒரே ஒரு திருத்தம்:
பச்சையன் கொட்டாய் எங்கள் அட்டவணையில்
நான்காவது வாரம் இருந்தது.
அதை முதல் வாரத்துக்கு மாற்றிவிடுங்கள்.
வாளி என்னிடமே இருக்கிறது,
வருகிறவர்களிடம் கொடுத்துவிடுகிறேன்.